தீபாவளிச் சட்டையும் நொய்யல் ஆறும்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோட்டத்திலே தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் நமது தாய்மார் முதலில் நாடுவது மொனராகலைப் புடவைக்கடைகளையே. பின்னர் அப்பணம் மாதாமாதம் சம்பளத்திற் கழிக்கப்படுகிறது. கடன் தீருமுன்னே சட்டையின் சாயம் போய்விடுகிறது! அந்தச் சாயம் வேறோரிடத்தில் போகாமல் நிற்கிறது.

இச்சட்டைகளுட் பல திருப்பூரிலிருந்து வருபவை. அவ்வூர் நடுவே ஓடும் நொய்யல், வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து, பேரூர்ச் சிவன் கோயிலருகே பாய்ந்து வரும் புண்ணிய நதி. சாயப்பட்டறைகள் அதனைக் கெடுத்தன. உழவருக்கென 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்க் குட்டையாயிற்று. உழவர் வழக்காடினர், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடுமாறு கட்டளையிட்டது.

நம் நாட்டில் 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிற்று. ஊவாத் தோட்டங்களிலிருந்தும் நமது சகோதரிகள் ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறார்கள். இங்கே கொழுந்துக்குக் கிலோக் கணக்கு. அங்கே மணிக்கு இத்தனை உருப்படி என்று கணக்கு. தராசு மட்டுமே மாறியது. டாக்காவுக்கு அருகே ராணா பிளாசாவில் முந்திய நாளே சுவர் வெடித்திருந்தும் தையற்காரரை உள்ளே அழைத்தார்கள். 2013 ஏப்ரல் 24இல் அது இடிந்து 1,100க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

நாம் மட்டும் யோக்கியரோ? சென்ற தேர்த் திருவிழாவுக்கு மன்றப் பெயர் அச்சிட்ட சட்டை செய்வித்தோம். ஒரே நாள் உடுத்தோம். இவ்வாண்டு வேறு நிறம் வேண்டுமென்னும் பிரேரணை செயலாளர் கையில் இருக்கிறது. அதில் நாமும் ஒப்பமிட்டோம். இன்று அதனை மீளப் பெறுகிறோம். பழைய சட்டை துவைத்து மடித்தபடியே பெட்டியில் இருக்கிறது.