விளையாட்டுப் பெட்டியும் வீட்டு இணைப்பும்



மாலை வேளையில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, கைக்கருவியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, கடல் கடந்த ஊர்களில் இருக்கும் தோழரோடு ஆடும் சிறுவரை இன்று பல வீடுகளிற் காணலாம். பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ், நிண்டெண்டோ சுவிட்ச் என்பன இவ்விளையாட்டுப் பெட்டிகளுட் பெயர் பெற்றவை. இவை பிள்ளைகளுக்கு நல்லனவா, தீயனவா என்பது வேறொரு நாளைக்குரிய விவாதம். வாங்கி வைத்த பெட்டி வெளியுலகோடு தொடர்பு கொள்ள மறுக்கும்போது வீட்டில் எழும் பூசலும், அதனைத் தீர்க்கும் வகையுமே இன்றைய பேச்சுக்குப் பொருள்.

ஆட்டம் சூடு பிடித்திருக்கும் வேளையில் இணைப்பு இல்லை என்று திரையில் ஓர் அறிவித்தல் தோன்றுகின்றது. மகன் ரவுட்டரைக் குறை கூறுகின்றான். தந்தை மகனைக் குறை கூறுகின்றார். தாயார் இருவரையும் கடிந்துகொள்கின்றார். ரவுட்டரின் ஆளியை அணைத்து மீண்டும் போடுகின்றார்கள். சில வேளை அதனாற் குணம் காணும். பல வேளை காணாது. அடுத்த மாதம் வேகம் மிகுந்த, விலையும் மிகுந்த இணைப்புத் திட்டமொன்று வீட்டுக்கு வருகின்றது. குறையோ இருந்த இடத்திலேயே இருக்கின்றது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது பழமொழி. எய்தவன் யாரென்று அறியாமலே பணத்தைச் செலவிடுவது அதனினும் பேதைமையன்றோ?

பெட்டியிலிருந்து புறப்படும் செய்தி நான்கு கட்டங்களைக் கடக்கின்றது. பெட்டியிலிருந்து ரவுட்டர் வரை முதலாவது. ரவுட்டரிலிருந்து இணையச் சேவை வழங்கும் கம்பனி வரை இரண்டாவது. அங்கிருந்து கடலடி வடங்களின் வழியே பிறநாடு வரை மூன்றாவது. விளையாட்டை நடத்தும் நிறுவனத்தின் கணினிகள் நான்காவது. எந்தக் கட்டத்தில் இழை அறுந்தது என்று அறிவதே முதற் கடமை. எதையும் மாற்றுவது அதன் பின்னரே.

இதற்கான சோதனை பெட்டியினுள்ளேயே இருக்கின்றது. மூன்று வகைப் பெட்டிகளிலும் அமைப்புகள் என்னும் பகுதியில் இணைப்பைச் சோதிக்கும் வசதி உண்டு. பிளேஸ்டேஷன், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைத்ததா, இணையத்தைத் தொட முடிந்ததா, நிறுவனத்தின் சேவையினுள் நுழைய முடிந்ததா என்று வரிசையாகக் காட்டும். எந்த வரியில் அது தடுமாறுகின்றதோ அங்கேயே நோய் உள்ளது. முகவரி 169.254 என்று தொடங்குமாயின், ரவுட்டர் முகவரி எதனையும் வழங்கவில்லை. பெட்டி தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள். மின்சாரம் தடைப்பட்டு மீண்ட பின்னர் இது நேர்வதுண்டு. எல்லாக் கருவிகளும் ஒரே கணத்தில் விழிக்கின்றன. ரவுட்டர் ஆயத்தமாகுமுன் பெட்டி முகவரி கேட்டு ஏமாந்து போகின்றது. எனவே ரவுட்டரை முதலில் இயக்கி, அதன் விளக்குகள் நிலைபெற்ற பின்னர் பெட்டியை இயக்குதல் வேண்டும். பெட்டியை உறங்கும் நிலையில் வைப்பது அணைத்ததாகாது. முற்றாக அணைத்தல் வேண்டும்.

முகவரி கிடைத்து, இணையமும் கிடைத்து, சேவையினுள் மட்டும் நுழைய முடியவில்லையெனில், வீட்டிலுள்ள எதனையும் தொடாதிருப்பதே அறிவு. 2011 ஏப்ரிலில் பிளேஸ்டேஷன் சேவைக்குள் அந்நியர் ஊடுருவியதனால், அச்சேவை மூன்று வாரங்களுக்கு மேல் உலகெங்கும் மூடப்பட்டிருந்தது. 2025 பெப்ரவரியிலும் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் அது இயங்கவில்லை. அத்தகைய நாட்களில் ரவுட்டரைப் பிரித்துப் பார்ப்பதில் என்ன பயன்? சேவை இயங்குகின்றதா என்பதை அந்நிறுவனங்களே தம் பக்கங்களில் அறிவிக்கின்றன; கைத்தொலைபேசியில் அதனைப் பார்த்தால் ஐயம் தீரும். பழைய பெட்டிகளைக் கைமாற்றாக வாங்குவோர் இன்னுமொன்றை அறிதல் வேண்டும். நிண்டெண்டோ 3டிஎஸ், வீ யூ என்னும் பெட்டிகளுக்கான இணைய ஆட்டச் சேவையை அந்நிறுவனம் 2024 ஏப்ரில் 8 ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. அவற்றில் இணைப்புக் குறையைத் தேடுவது வற்றிய கிணற்றிலே வாளி விடுவது போலாகும்.

இனி வீட்டினுள்ளே வருவோம். குறைகளுட் பெரும்பாலானவை முதற் கட்டத்திலேயே உள்ளன. வைபை எனப்படும் கம்பியில்லா இணைப்பு இரு அலைவரிசைகளிற் பெரிதும் இயங்குகின்றது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவர்களைத் தாண்டித் தூரம் செல்லும். ஆனால் அவ்வழி நெரிசல் மிகுந்தது. அயல் வீட்டாரின் ரவுட்டர், புளுடூத் கருவிகள், சமையலறையின் மைக்குரோவேவ் அடுப்பு ஆகிய யாவும் அதே அலைப் பரப்பிலேதான் உள்ளன. சோறு சூடாகும்போது ஆட்டம் தடுமாறுகின்றது என்று பிள்ளை கூறினால் அதனைச் சாக்கென்று தள்ளிவிடலாகாது. அது உண்மையாக இருத்தல் கூடும். 5 கிகாஹேர்ட்ஸ் அலையோ நெரிசல் குறைந்தது, விரைவு மிக்கது. எனினும் கல்லும் சீமெந்தும் அதனை எளிதில் தடுத்துவிடும். 2013 இல் வெளிவந்த முதலாவது பிளேஸ்டேஷன் 4 பெட்டி 2.4 அலையை மட்டுமே அறியும். அத்தகைய பெட்டியை வைத்துக்கொண்டு 5 அலையைத் தேடுவோர் அதனைக் காணார். பெட்டி பழுதன்று, அதன் இயல்பே அது.

ரவுட்டரை அலுமாரியின் பின்னாலும், தொலைக்காட்சியின் அடியிலும் ஒளித்து வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பார்வைக்கு அழகாயிருக்கலாம், அலைக்கோ அது சிறைவாசம். உயரமான, திறந்த, வீட்டின் நடுவான இடமே அதற்கு உகந்தது. இவை எல்லாவற்றினும் சிறந்த மருந்து ஒரு வடம். ஈதர்நெட் வடத்தினால் ரவுட்டரையும் பெட்டியையும் நேரே இணைத்துவிட்டால் அலைகளைப் பற்றிய கவலை முழுவதும் நீங்கும். அவ்வடம் நூறு மீற்றர் வரை செல்ல வல்லது; எந்த வீட்டுக்கும் அது போதும். 2017 இல் வந்த முதலாவது சுவிட்ச் பெட்டியின் தாங்கியில் அவ்வடத்துக்கான துளை இல்லை. அதற்குத் தனியாக ஓர் இணைப்பான் வாங்க வேண்டும். வடத்தை விலைக்கு வாங்குமுன், ஒரு நாளைக்கு இரவல் வாங்கிப் பொருத்திப் பார்த்தல் நன்று. வடத்தில் ஆட்டம் சீராக ஓடுமாயின் குற்றம் வைபையிலே. வடத்திலும் தடுமாறுமாயின் குற்றம் வெளியிலே.

வேகம் என்ற சொல்லைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். புதிய ஆட்டமொன்றை இறக்கிக்கொள்வதற்கு மிகுந்த வேகம் வேண்டும். சில ஆட்டங்கள் நூறு கிகாபைட்டையும் தாண்டுகின்றன. ஆனால் இறக்கிய ஆட்டத்தை ஆடுவதற்கு, பெரும்பாலும் விநாடிக்கு ஒரு மெகாபிட் கூடத் தேவைப்படுவதில்லை. அங்கே வேண்டுவது தாமதமின்மை. கண்ணாடி இழையினூடே ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீற்றர் செல்கின்றது. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். இலண்டன் ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். ஆகவே சிங்கப்பூருக்குச் சென்று மீள 27 மில்லிவிநாடியும், இலண்டனுக்குச் சென்று மீள 87 மில்லிவிநாடியும் குறைந்த அளவாகச் செலவாகும். வடங்கள் வளைந்து செல்வதால் உண்மையில் இன்னும் கூடும். எந்த விலை கொடுத்தாலும் எந்தக் கம்பனியும் இதனைக் குறைக்க இயலாது. ஆட்டத்தில் வட்டாரத்தைத் தெரிவு செய்ய இடமிருந்தால் அண்மையிலுள்ளதைத் தெரிவு செய்வதே வழி.

சீராக ஓடும் ஆட்டம் சில நேரங்களில் மட்டும் திக்கித் திணறுமாயின், அவ்வேளை வீட்டில் வேறு யார் என்ன செய்கிறார்கள் என்று நோக்குக. கலியாண வீட்டுப் படங்கள் நானூறும் அக்காளின் கைத்தொலைபேசியிலிருந்து இணையக் களஞ்சியத்துக்கு ஏறிக்கொண்டிருக்கலாம். மேலேற்றும் பாதை ஒடுங்கியது. அதில் பாரவண்டிகள் வரிசையாக நிற்க, ஆட்டத்தின் சிறு செய்தியும் அவற்றின் பின்னே காத்து நிற்கின்றது. ரவுட்டரில் முன்னுரிமை வழங்கும் அமைப்பு இருந்தால் அதனை இயக்கலாம். இல்லையேல் படங்களை இரவு பதினொரு மணிக்குப் பின் ஏற்றுவது என்று அக்காளோடு ஓர் உடன்படிக்கை செய்துகொள்ளலாம்.

இனிக் கூறப்போவது யாவற்றுள்ளும் மயக்கம் தருவது. யாழ்ப்பாணத்துச் சிறுவன் ஒருவனும் இலண்டனில் வளரும் அவன் மைத்துனனும் கிழமைக்கு ஒருமுறை சேர்ந்து ஆடுகின்றார்கள் எனக் கொள்க. நேரிற் கண்டறியாத இருவர். ஆட்டத்திடையே பேசும் பேச்சே அவர்களுக்கு உறவு. ஒரு நாள் முதல் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கவில்லை. இவன் பிறரோடு ஆட முடிகின்றது. அவனும் பிறரோடு ஆட முடிகின்றது. எழுத்துச் செய்தி இருபுறமும் செல்கின்றது. இருவரும் தம்முள் இணைய மட்டும் முடியவில்லை. வேகச் சோதனையிலும் குறை இல்லை. மற்றவன் தன்னை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டான் என்று ஒவ்வொருவனும் எண்ணிக்கொள்ள எத்தனை நாட்களாகும்?

ஒரு மாணவர் விடுதியை நினைத்தால் இது விளங்கும். விடுதிக்குத் தபால் முகவரி ஒன்றே. உள்ளே இருப்போர் பலர். ஒரு மாணவன் வெளியே கடிதம் எழுதும்போது விடுதிப் பொறுப்பாளர் தம் ஏட்டில் அதனைக் குறித்துக்கொள்கின்றார். பதில் வந்ததும் உரியவனிடம் சேர்ப்பிக்கின்றார். யாரும் எழுதாதபோது அயலார் ஒருவர் விடுதிக்கு வலிந்து எழுதிய கடிதமோ, யாருக்கென்று தெரியாமையால் திருப்பி அனுப்பப்படுகின்றது. ரவுட்டர் செய்வதும் இதுவே. இணையத்தின் பழைய முகவரி முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. அவை போதாவென்று கண்டு, ஒரு முகவரியைப் பலர் பங்கிடும் இம்முறை 1994 இல் தற்காலிக ஏற்பாடாக முன்மொழியப்பட்டது. 2011 பெப்ரவரியில் உலகப் பொதுக் களஞ்சியத்தில் முகவரிகள் தீர்ந்தன. தற்காலிகமோ நிரந்தரமாகிவிட்டது.

இரு சிறுவரும் தனித்தனி விடுதிகளில் இருக்கின்றார்கள். இரு பொறுப்பாளரும் கண்டிப்பானவர்களாயின் எவர் எழுதினாலும் மற்றவர் திருப்பிவிடுகின்றார். பெட்டியின் சோதனைத் திரையில் என்.ஏ.ரி. வகை என்று காணப்படுவது இக்கண்டிப்பின் அளவே. எக்ஸ்பொக்ஸ் இதனைத் திறந்தது, மிதமானது, கண்டிப்பானது என மூன்றாகக் கூறும். பிளேஸ்டேஷன் 1, 2, 3 என எண்ணாற் கூறும். 3 என்பது கண்டிப்பானது. சுவிட்ச் எழுத்தாற் கூறும். முதலெழுத்து நல்லது, பின் செல்லச் செல்லக் கண்டிப்பு மிகும்.

இதற்கு மருந்து மூன்று படியில் உண்டு. ரவுட்டரில் யு.பி.என்.பி. என்னும் அமைப்பு இருக்கும். எனக்குக் கடிதம் வரும், என்னிடம் தாருங்கள் என்று மாணவன் முன்கூட்டியே பொறுப்பாளரிடம் சொல்லி வைப்பது போன்றது அது. அதனை இயக்கிப் பெட்டியை மீளத் தொடக்கினாற் பலருக்குக் குணமாகும். அடுத்து, வீட்டில் ரவுட்டர்கள் இரண்டு உள்ளனவா என்று பார்க்க வேண்டும். கம்பனி தந்தது ஒன்று, வைபை போதவில்லையென்று கடையில் வாங்கியது மற்றொன்று. விடுதிக்குள் ஒரு விடுதி! உள்ளே இருப்பவர் அனுமதித்தாலும் வாயிலில் நிற்பவர் திருப்பிவிடுவார். எக்ஸ்பொக்ஸ் இதனைக் கண்டுபிடித்துத் திரையிலேயே எச்சரிக்கும். இரண்டாவது ரவுட்டரை வெறும் அலைபரப்பியாக இயங்கும் நிலைக்கு மாற்றினாற் சிக்கல் நீங்கும்.

மூன்றாவது நிலை வீட்டாரின் கைக்கு எட்டாதது. சில கம்பனிகள் ஊரிலுள்ள பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே வெளி முகவரியைப் பங்கிடுகின்றன. இதற்கென 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் 2012 இல் ஒதுக்கப்பட்டன. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளி முகவரி அவ்வாறு தொடங்கினால், வீட்டில் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. இணைப்பு மெதுவாக உள்ளது என்று கம்பனியிடம் முறையிட்டால் அவர்கள் வேகத்தைச் சோதித்து, யாவும் நலமே என்பார்கள். பொது முகவரி ஒன்று வேண்டும் என்று சொற் பிசகாமற் கேட்டல் வேண்டும். சில கம்பனிகள் அதனை மேலதிகக் கட்டணத்துக்குத் தருகின்றன.

இந்த அலைச்சலிற் சலித்து, வரும் யாவற்றையும் பெட்டிக்கே அனுப்புக என்று ரவுட்டரின் வாயில்களை முழுவதும் திறந்துவிடுமாறு ஆலோசனை கூறுவோரும் உளர். அது வேண்டாம். முகவரி பின்னொரு நாள் வேறு கருவிக்குக் கைமாறினால், திறந்த வாயிலின் முன்னே அக்கருவி நிற்கும். அது தந்தையின் வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியாகவும் இருக்கலாம்.

கம்பனி பொது முகவரி தர மறுத்தாலும் வழி அடைபட்டுவிடவில்லை. இருவரில் ஒருவர் பக்கம் திறந்திருந்தாற் போதும். கண்டிப்பான பக்கத்திலிருப்பவன் அவனை அடைந்துவிடுவான். இலண்டன் வீட்டின் ரவுட்டருக்குத் தனிப் பொது முகவரி இருக்குமாயின், அங்கே மாமியார் யு.பி.என்.பி. அமைப்பை இயக்கி, இரண்டாவது ரவுட்டர் ஏதும் உண்டாயின் அதனை அலைபரப்பியாக மாற்றினால், யாழ்ப்பாணத்தில் ஒன்றையும் தொடாமலே சிறுவர் இருவரும் பேசலாம். அதனைத் தொலைபேசியிற் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைச் சிறுவனிடமே விடுக. கோடைக் காலத்தில் அங்கே மாலை நாலரை மணியாகும்போது இங்கே இரவு ஒன்பது மணி.