டொக்டருக்குப் படிக்கும் பிள்ளையும் வீட்டு நாட்காட்டியும்



பலெர்மோவில் எங்கள் வீடுகளில் இப்போது அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "மகள் டொக்டருக்குப் படிக்கப் போறா." கேட்கவே சந்தோஷம்தான். ஆனால் அடுத்த ஆறு வருடமும் அந்த வீடு எப்படி நடக்கப் போகிறது என்பதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. நான் இந்த நகரத்தில் பிறந்து, இங்கேயே மருத்துவம் படித்து முடித்து, இப்போது விசேட துறைப் பயிற்சியில் இருக்கிறேன். என் அப்பாவும் அம்மாவும் வீட்டு வேலைக்குப் போய் வருபவர்கள். அதனால் இன்று பெற்றோருடன்தான் கூடுதலாகப் பேசப் போகிறேன்.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். இத்தாலியில் மருத்துவப் பட்டத்துக்கு 360 கிரெடிற் வேண்டும். வருடத்துக்கு 60. ஒரு கிரெடிற் என்றால் வகுப்பும் சொந்தப் படிப்பும் சேர்த்து 25 மணித்தியால உழைப்பு. ஆகவே வருடத்துக்கு 1,500 மணித்தியாலம். வருடத்தில் 40 வாரம் படித்தால் வாரத்துக்கு 37½ மணித்தியாலம் வருகிறது. வெளியிலிருந்து போய் வந்து வீட்டு வேலை செய்பவர்களுக்கு ஒப்பந்தத்தில் உள்ள முழு வேலை வாரம் 40 மணித்தியாலம். அம்மாமாருக்கு இது நன்றாகத் தெரியும். அப்படியென்றால் புத்தகத்தோடு வீட்டில் இருக்கும் பிள்ளை சும்மா இருக்கவில்லை. அதுவும் ஒரு முழுநேர வேலையில் இருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன்? எங்கள் பிள்ளைகளுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. வதிவிட அனுமதி புதுப்பிக்க அப்பாவோடு போவது, மாமியை வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்ப்பது, தம்பியின் பாடசாலைக் கூட்டம், வங்கிக் கடிதம், மின்சாரக் கட்டணம் எல்லாம் அந்தப் பிள்ளையின் தலையில்தான். இத்தாலியப் பிள்ளைகள் பலருக்கு இந்தச் சுமை இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி நல்ல கெட்டிக்காரன். உறவினர் வீடுகள் ஐந்தாறுக்கும் அவன்தான் மொழிபெயர்ப்பாளன். மூன்றாம் வருடத்தில் பரீட்சைகள் குவிந்துபோய்ப் படிப்பை விட்டுவிட்டான். அவனிடம் மூளை குறைவாக இருக்கவில்லை. நேரம்தான் இருக்கவில்லை.

ஆகவே பிள்ளை படிக்கத் தொடங்கும்போதே இந்த வேலைகளைப் பங்கு போடுங்கள். வதிவிட அனுமதிப் படிவங்களுக்கு 'பத்ரொனாத்தோ' அலுவலகங்கள் உதவும். இளைய பிள்ளைகளும் பழகட்டும். வளர்ந்தவர்களுக்கு இத்தாலிய மொழி கற்பிக்கும் அரச பாடசாலைகள் இருக்கின்றன. அம்மாவோ அப்பாவோ வாரத்தில் இரண்டு மாலை அங்கே போனால், பிள்ளைக்குப் பல நாட்கள் மிச்சமாகும்.

அடுத்தது நாட்காட்டி. பரீட்சைகள் பெரும்பாலும் ஜனவரி–பெப்ரவரி, ஜூன்–ஜூலை, செப்டம்பர் ஆகிய மூன்று பருவங்களில் வரும். எங்கள் வீட்டுச் சமையலறைக் கலண்டரில் அந்த நாட்களை அம்மா சிவப்புப் பேனையால் வட்டமிடுவார். அந்த வாரங்களில் விருந்தாளிகளும் இல்லை, எனக்கு வெளி அலுவல்களும் இல்லை. கலியாணவீடு, சாமத்தியவீடு வந்தால் அப்பா அம்மா போய் வருவார்கள். சிலர் குறை சொன்னார்கள். பிறகு பழகிவிட்டார்கள்.

ஊருக்குப் போவதும் அப்படித்தான். ஆகஸ்டில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போக எல்லாருக்கும் ஆசை. திருவிழா 25 நாள். முழுவதும் நின்று திரும்பினால் செப்டம்பர்ப் பரீட்சை வாசலில் நிற்கும். ஆகஸ்ட் 10ஆம் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். புலமைப்பரிசில் தொடர்ந்து கிடைக்க, முதல் வருடப் பிள்ளை அந்தத் திகதிக்குள் 25 கிரெடிற் எடுக்க வேண்டும். அடுத்த வருடம் அது மொத்தம் 80 ஆகும். பயணச்சீட்டு எடுக்க முன்னர் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நுழைவு முறையும் மாறியிருக்கிறது. 2025இலிருந்து பழைய நுழைவுப் பரீட்சை இல்லை. முதல் அரையாண்டில் எல்லாரும் பதிந்து வேதியியல், பௌதிகவியல், உயிரியல் படிக்க வேண்டும். பிறகு நாடு முழுவதும் ஒரே நாளில் பரீட்சை. 2025இல் அது நவம்பர் 20, டிசம்பர் 10 என இரண்டு தடவை நடந்தது. இந்த அரையாண்டுக்கு மூன்று தடவைக்கு மேல் பதிய முடியாது. கூடவே இன்னொரு துறையிலும் பதிய வேண்டும். மருத்துவம் கிடைக்காவிட்டால் அங்கே தொடரலாம். அந்த இரண்டாவது துறையை வீட்டில் எல்லாரும் இருந்து பேசித் தெரிவு செய்யுங்கள். அதைத் தோல்வி என்று சொல்லாதீர்கள்.

பெண்பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு சொல். 19 வயதில் தொடங்கினால் பட்டம் எடுக்க 25 ஆகும். விசேட துறைக்கு இன்னும் நான்கு, ஐந்து வருடம். "அதுக்குப் பிறகு யார் கட்டுவினம்?" என்று கேட்கிறீர்கள். விசேட பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவு உண்டு. பிள்ளைப்பேறு வந்தால் பயிற்சியை இடைநிறுத்திப் பிறகு தொடரச் சட்டம் இடம் தருகிறது. எனவே படிப்பா, கலியாணமா என்று ஒன்றை மட்டும் தெரிவு செய்யச் சொல்லத் தேவையில்லை. எப்போது என்பதை மகளோடு பேசினால் போதும்.

படிக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களுக்கே ஒப்பந்தப்படி ஞாயிறு முழுநாளும் வேறொரு அரைநாளும் ஓய்வு உண்டு. நீங்களும் அந்த ஓய்வை எடுங்கள். ஒரு காலை நண்பர்களோடு மொன்ரே பெல்லெக்ரீனோ மலையேறிச் சான்ரா றொசாலியாவைக் கும்பிட்டு வாருங்கள். அம்மாவோடு இருந்து சாப்பிடுங்கள். பரீட்சையில் 30க்கு 18 எடுத்தால் சித்தி. குறைந்தால் அடுத்த முறை இருக்கிறது. அதை வீட்டில் மறைக்காதீர்கள். மறைத்த பரீட்சைகளால் உடைந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இந்த வாரம் ஞாயிறு சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லாரும் இருந்து ஒரு கலண்டரை விரியுங்கள். பரீட்சை நாட்கள், ஊர்ப் பயணம், யார் எந்த அலுவல் பார்ப்பது, பிள்ளையின் ஓய்வு நாள் ஆகிய நான்கையும் எழுதுங்கள். அரை மணித்தியாலம் போதும்.