விரல் நுனியும் கிதார் தந்தியும்

கிதாரில் ஒரு கை தந்திகளை மீட்ட, மறுகையின் விரல்கள், வீணையின் மெட்டுகளைப் போலக் கழுத்துப் பகுதியில் குறுக்காகப் பதிக்கப்பட்ட உலோகக் கம்பிகளுக்கு இடையே தந்தியை அழுத்திச் சுரத்தைத் தீர்மானிப்பதால், அவ்விரல் நுனிகளே வாசிப்பவரின் பெருஞ்செல்வமாகும்.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பகலில் உலோகத் தகட்டு ஆலையில் உழைத்து, ஓய்வு நேரத்தில் கிதார் வாசித்துவந்த டோனி அயோமி என்னும் 17 வயது இளைஞர், முழுநேர இசைக்கலைஞராகும் கனவோடு வேலையிலிருந்து விலகவிருந்த கடைசி நாளில், வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். இடக்கைப் பழக்கமுடைய அவருக்குத் தந்தியை அழுத்தும் கை அதுவே.

தீ விபத்தில் இரு விரல்கள் முடங்கிய பின்னும் பெரும்புகழ் பெற்ற கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டை ஆலை மேலாளர் கேட்கச் செய்ததால் மனம் தேறிய அயோமி, பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் உறைகள் செய்து, அவற்றின்மேல் தோலை ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டிக்கொண்டார். பின்னர், அழுத்துவதற்கு எளிதாகத் தந்திகளைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தியபோது எழுந்த கனத்த ஒலி, அவருடைய 'பிளாக் சாபத்' குழு 1971-இல் வெளியிட்ட 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தொகுப்பின் வழியே, ஹெவி மெட்டல் எனப்படும் இசை வகையின் அடையாளங்களுள் ஒன்றாயிற்று.

குறை நேர்ந்த கைக்கேற்பக் கருவியையே மாற்றியமைத்த அந்த உறுதி, ஆர்வத்தால் இசை பயிலும் ஒவ்வொருவரும் போற்றத்தக்கதாகும்.