பனையும் பறவையும்



நாசரேத்தைச் சூழ்ந்த தேரி நிலத்தின் செல்வம் பனை. அது மாநில மரமும் ஆகும். பனையேறுவோர் குறைந்தனர், ஓலையும் பதநீரும் நகர வாழ்வினின்று அகன்றன. பயன் மறைந்ததும் பரிவும் மறைய, தமிழகத்தில் எண்ணற்ற பனைகள் செங்கற்சூளைக்கு விறகாயின. வெட்டுதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டுமென 2021-இல் அரசு அறிவிக்க நேர்ந்தது.

பறவைகளால் அத்தகு பயனேதும் இல்லை. எனினும், 2011 முதல் சனவரிதோறும் நடைபெறும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு மாணவரும் நகரத்தாரும் ஊதியமின்றி வருகின்றனர். நாமக்கோழியையும் நத்தைகுத்தி நாரையையும் பெயரறிந்து எண்ணியவர்க்கு அக்குளம் தம் முற்றமாகிவிடுகிறது. அங்குக் குப்பை கொட்டுவோரை அவரே தடுப்பார். அறிவிப்புப் பலகைக்கு அவ்வாற்றல் இல்லை.

கடம்பாகுளம் நாசரேத்துக்கு அண்மையிலேயே உள்ளது. வரும் சனவரியில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லுங்கள்.