ஓட்டுக்கு முகவரி நடைபாதை, வீட்டுக்கு?

(சென்னையில் நடந்த இளைஞர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீடற்றவர்களுக்குச் சென்னை நகரம் என்ன செய்திருக்கிறது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். செய்ததையும் சொல்கிறேன், செய்யாததையும் சொல்கிறேன். ஏன் செய்யவில்லை என்பதுதான் நம் இயக்கத்துக்கான கேள்வி. அதை விட்டுவிட்டுப் பேசினால் இது வெறும் கருணைப் பேச்சாகிவிடும்.

முதலில் செய்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம், உணவு உரிமை வழக்கில், பெருநகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் இருக்க வேண்டும், அது ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது. 2013-இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேருக்காவது காப்பக இடம், ஆளுக்கு 50 சதுர அடி என்று அளவு வகுத்தது. சென்னை மாநகராட்சி தொண்டு நிறுவனங்கள் வழியாகக் காப்பகங்களை நடத்துகிறது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. மனநலம் பாதிக்கப்பட்டவர்களுக்கு உண்டு. அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளியோடு வந்து தங்குகிறவர்களுக்கும் உண்டு. இதை நான் குறைத்துப் பேசமாட்டேன். பிள்ளைகள் கைவிட்ட ஒரு முதியவருக்கு அந்தக் கட்டில் உயிர்.

ஆனால் இரவு பத்து மணிக்குமேல் பிராட்வே பக்கம், வால்டாக்ஸ் சாலைப் பக்கம் ஒரு நடை நடந்து பாருங்கள். அங்கே படுத்திருப்பவர்கள் தனி ஆட்கள் அல்ல. பாட்டி, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள். நான் பேசிய பல குடும்பங்களில் பாட்டி பிறந்ததும் அதே நடைபாதையில்தான். அவர்கள் ஊரிலிருந்து நேற்று வந்தவர்கள் அல்ல. பூ கட்டுகிறார்கள், மூட்டை தூக்குகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், குப்பையைத் தரம் பிரிக்கிறார்கள். இந்த நகரம் காலையில் எழுந்திருக்கும்போது அதற்கு வேண்டிய பாதி வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்.

"காப்பகம் இருக்கே, ஏன் போகமாட்டேங்கிறாங்க?" என்று அதிகாரிகள் கேட்பார்கள். நாமும் கேட்போம். ஒரு அக்கா எனக்குச் சொன்ன பதில் இது: "புருஷன் ஒரு எடம், நான் ஒரு எடம், வயசுக்கு வந்த பையன் ஒரு எடம்னா, அது குடும்பமா தம்பி?" அடுப்பு எங்கே வைப்பது, தட்டுமுட்டுச் சாமான்களை எங்கே வைப்பது, விடியற்காலை மூன்று மணிக்கு மார்க்கெட்டுக்கு எப்படிப் போவது? காப்பகம் என்பது தனி ஆளுக்கான ஏற்பாடு. குடும்பத்துக்குத் தேவை வீடு.

சரி, வீடு எங்கே கிடைக்கிறது? தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் 1970-இல் வந்தது, சட்டம் 1971-இல் வந்தது. இந்தியாவுக்கே முன்னோடி என்று நாம் பெருமைப்படுகிறோம், அந்தப் பெருமையில் நியாயமும் இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சட்டப்படி சென்னையில் குடிசைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டவை 1971-இல் 1,202. 1985-இல் சேர்த்தவை 17. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. குடிசைவாசிக்கே இந்த நிலை என்றால், குடிசையும் இல்லாத நடைபாதைக் குடும்பம் எந்தப் பட்டியலில் வரும்?

2000-க்குப் பிறகு கொள்கையே திசை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் தெற்கு விளிம்பில் ஆயிரக்கணக்கில் வீடுகள் கட்டி, ஆற்றோரத்து மக்களை லாரியில் ஏற்றி அங்கே இறக்கினார்கள். தீவுத்திடல் அருகே இருந்த சத்தியவாணிமுத்து நகரை 2019 டிசம்பரில், பள்ளி ஆண்டின் நடுவில் பெயர்த்தார்கள். திராவிட இயக்கத்தின் தலித் பெண் தலைவர், அமைச்சராக இருந்தவர் சத்தியவாணி முத்து. அவர் பெயரைத் தாங்கிய குடியிருப்புக்கே நகரத்தின் நடுவில் இடமில்லை என்று ஆகிவிட்டது. வீடு கொடுத்தார்களே என்பார்கள். வேலை பாரிமுனையில், வீடு பெரும்பாக்கத்தில் என்றால், வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி நடைபாதையில் வந்து படுப்பதைத் தவிர வேறு வழி என்ன?

இங்கேதான் சாதியைப் பேச வேண்டியிருக்கிறது. 1917-இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் படித்துவிட்டு பரோடா அரசில் வேலைக்குப் போனார். ஒரு பார்சி விடுதியில் தங்கினார். சாதி தெரிந்ததும் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். ஓர் இந்து நண்பரும் ஒரு கிறிஸ்துவ நண்பரும் இடம் தரவில்லை. பூங்காவில் மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார். அந்த ஊரில் வீடுகளுக்குப் பஞ்சமா? இல்லை. அவர் கையில் வேலை இல்லையா? இருந்தது. அவரை வீடற்றவராக்கியது சாதி.

இன்றைக்கும் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் "நீங்க என்ன ஆளுங்க?" என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். "சைவம் மட்டும்" என்று பலகை வைக்கிறார்கள். கிராமத்திலோ நிலம் இல்லை. தாழ்த்தப்பட்டோருக்கென்று 1892-இல் ஒதுக்கிய பஞ்சமி நிலத்தின் பெரும்பகுதி யார் கையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஊரில் நிலத்தைப் பிடுங்கியது, நகரத்தில் வாடகை வீட்டை மறுத்தது, நடுநகரத்திலிருந்து விளிம்புக்குத் தள்ளியது, இவை மூன்று தனித்தனி விபத்துகள் அல்ல. சேரியை ஊருக்கு வெளியே வைத்த அதே புத்திதான் பெரும்பாக்கத்தைத் திட்டமிடுகிறது.

ஒரு முரணைக் கவனியுங்கள். வீடற்றவரும் வாக்காளர் ஆகலாம். விண்ணப்பத்தில் எழுதிய இடத்தில் அவர் உண்மையிலேயே படுக்கிறாரா என்று வாக்குச்சாவடி அலுவலர் இரவில் வந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். தேர்தல் ஆணையத்தின் விதியே அப்படி. அதாவது, ஓட்டுப் போட நடைபாதை ஒரு முகவரி. வீடு கேட்டால் அதே நடைபாதை ஆக்கிரமிப்பு.

1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதார உரிமை உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு, முன்னறிவிப்புக் கொடுத்து நடைபாதைவாசிகளை அகற்றலாம் என்றும் சொன்னது. நாற்பது ஆண்டுகளாக அரசுகள் முதல் பாதியை மேடையில் பேசுகின்றன, இரண்டாவது பாதியைத் தெருவில் செய்கின்றன.

வேறு வழி இல்லையா? பின்லாந்து 2008-லிருந்து 'முதலில் வீடு' என்ற கொள்கையை நடத்துகிறது. குடியை விட்டால் வீடு, வேலை கிடைத்தால் வீடு என்று நிபந்தனை போடாமல், முதலில் வாடகை ஒப்பந்தத்தோடு வீடு, பிறகு மற்ற உதவிகள். பழைய காப்பகங்களையே தனித்தனி வீடுகளாக மாற்றினார்கள். அது சின்ன நாடு, பணக்கார நாடு என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஆயிரக்கணக்கில் வீடு கட்டத் தெரிந்த வாரியம் நம்மிடமும் இருக்கிறது. எங்கே கட்டுவது, யாருக்குக் கட்டுவது என்பதில்தான் சிக்கல்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. நடைபாதைக் குடும்பங்களைச் சாதிவாரியாகவும் சேர்த்துக் கணக்கெடு. குடும்பமாகத் தங்கும் காப்பகங்களை வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் திற. நகரத்துக்குள் அரசு நிலத்தில் வாரியம் கட்டும் குடியிருப்புகளில் அவர்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கு.

நீங்கள் என்ன செய்யலாம்? பழைய துணி கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். சென்னையில் 200 வார்டுகள். உங்கள் மண்டலத்தில் எத்தனை காப்பகம், எத்தனை படுக்கை, நேற்றிரவு எத்தனை பேர் தங்கினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பகுதி சபைக் கூட்டத்தில் அந்தப் பதிலை வாசியுங்கள். வாசிக்கும்போது அந்த நடைபாதைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் பெயரில் நாம் பேசுவதைவிட, அவர்கள் அந்தக் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுவதுதான் சமூகநீதி.