கையில் எழுந்த தடிப்பு



மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்டவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் காசநோய் பற்றிய பிரசுரம் ஒன்றைத் தமிழாக்குகையில், டியூபர்குலின் ஊசியிட்ட இடத்தில் தடிப்பு எழுந்தால் ‘உடலில் நோயெதிர்ப்பு உண்டாகிவிட்டது’ என்று எழுதிவிட்டேன். அச்சேறுமுன் மருத்துவர் ஒருவர் அத்தொடரைச் சிவப்பு மையால் அடித்தார். பிழை என் தமிழில் இல்லை, பொருளில் இருந்தது.

டியூபர்குலின் என்பது காசநோய்க் கிருமியின் புரதங்கள் அடங்கிய நீர். 1890இல் இராபர்ட் காக் இதனை நோய்க்கு மருந்தென்றே அறிவித்தார், அது பொய்த்தது. சோதனைக் கருவியாக மட்டும் நிலைத்தது. இக்கிருமியையோ இதன் இனத்தையோ முன்பே கண்ட உடலில், ‘டி’ அணுக்கள் அப்புரதங்களை இனங்கண்டு திரள்கின்றன. இரண்டு மூன்று நாளில் தோல் தடிக்கிறது. பகைவனை அறிந்துகொண்டது என்பதே இதன் பொருள், வெல்லும் என்பதன்று. ஏனெனில் கிருமியோ, தன்னை விழுங்க வந்த அணுவுக்குள்ளேயே குடியிருக்கவல்லது. ‘டி’ அணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்னும் பொருளைச் சுரந்து அவ்வணுவைத் தூண்டியாக வேண்டும். அத்தூண்டுதலும் எல்லோரிடத்தும் போதுவதில்லை.

செங்கற்பட்டு என்றதும் நமக்கு ஏரி நினைவுக்கு வரும். மருத்துவ உலகினர்க்கோ பி.சி.ஜி. ஆராய்ச்சி. 1968இல் தொடங்கிய அதில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் பங்குகொண்டனர். ஊசி பெற்றோர் கையில் தடிப்பு நன்றாகவே எழுந்தது. ஆயினும் பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என 1979இல் வெளியான அறிக்கை கூறிற்று. (குழந்தைகளின் மூளையுறைக் காசத்தைத் தடுப்பதால் பிறந்த குழந்தைக்கு அதனை இன்றும் இடுகிறோம், அதனை ஒருவரும் கைவிட வேண்டா.)

புதிய ஊசி காண்போரின் இடர்ப்பாடும் இதுவே. எந்த எதிர்வினை எழுந்தால் ஒருவர் காக்கப்பட்டார் எனச் சொல்லவல்ல குருதிச் சோதனை இன்னும் கைவரவில்லை. ஆதலின் ஆயிரக்கணக்கானோருக்கு ஊசியிட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, நோயுற்றோரை எண்ணவேண்டியிருக்கிறது. கிருமியின் இரு புரதங்களை இணைத்துச் செய்த எம்72 ஊசி, கென்யா, தென்னாப்பிரிக்கா, ஜாம்பியா நாடுகளில், கிருமி முன்பே உட்புகுந்த பெரியவர்களிடத்து மூன்றாண்டில் நோயைப் பாதியளவு குறைத்தது என 2019இல் அறிந்தோம். அதன் பெருஞ்சோதனை 2024இல் தொடங்கிற்று.

என் பிரசுரத்திலோ அத்தொடர் இவ்வாறு மாறிற்று: ‘தடிப்பு எழுந்தால், உடல் இக்கிருமியையோ பி.சி.ஜி. ஊசியையோ முன்பு சந்தித்திருக்கலாம், நோய் உண்டா என்பதை எக்ஸ்ரே படமும் சளிச் சோதனையுமே காட்டும், மருத்துவரிடம் செல்க.’ ஒரு வரி மூன்று வரியாயிற்று. அச்சகத்தார் இடமில்லையென முணுமுணுத்தனர்.