கைக்கு எட்டிய நூல்

(உரையின் எழுத்து வடிவம்)

இலக்கியம் மனத்திற்கு ஊக்கம் அளிக்கும் என்பதை மறுப்பார் இலர். ஆயினும் அந்த ஊக்கம் பிறப்பதற்கு முன்னர் நூல் ஒன்று வாசகனின் கைக்கு வந்து சேர வேண்டும். மேடைகளில் இது அதிகம் பேசப்படுவதில்லை. சித்தூர், திருப்பதி வட்டாரத்தின் கல்வி வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

டாக்டர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888-இல் திருத்தணியில் பிறந்தவர். திருத்தணி பின்னர் சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்து, 1960-இல் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. தந்தையார் சிறு வருவாய் அலுவலர்; வசதி குறைந்த குடும்பம். 1896 முதல் 1900 வரை திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளியிலும், பின்னர் வேலூரிலும், அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் உபகாரச் சம்பளத்தின் துணையோடு அவர் பயின்றார். பட்டப் படிப்புக்குப் பாடம் தெரிவு செய்யும் வேளையில், உறவினர் ஒருவர் தாம் படித்து முடித்த தத்துவப் பாடநூல்களை அவருக்குக் கொடுத்தார். விலையின்றிக் கிடைத்த அந்நூல்களே பாடத்தை முடிவு செய்தன. அவ்வுறவினர் கணிதம் படித்திருந்தால் நாட்டிற்குக் கிடைத்திருப்பவர் ஒரு கணித ஆசிரியராகவும் இருக்கலாம்!

கல்லூரியில் இந்து சமயக் கருத்துகள் கடுமையாக விமரிசிக்கப்பட்டபோது இளைஞரின் மனம் கலங்கியது. விவேகானந்தரின் சொற்பொழிவுகளைப் படித்ததால் உண்டாகியிருந்த பெருமிதம் அக்கலக்கத்தை ஆராய்ச்சியாக மாற்றிற்று. 1908-இல் வேதாந்தத்தின் ஒழுக்கவியல் பற்றி அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை அதன் விளைவே. படிப்பு தரும் ஊக்கம் வெறும் ஆறுதலன்று; விடை தேடும் துணிவு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதே கல்லூரியில் சற்று முன்னர்ப் பயின்றவர் சித்தூரை அடுத்த கட்டமஞ்சியில் 1880-இல் பிறந்த இராமலிங்க ரெட்டி. ஏரிக்கரையைக் காக்கத் தன் உயிரை ஈந்த ஊர்ப்பெண் ஒருத்தியைப் பற்றிய செய்தி அனந்தபுரம் வட்டார வரலாற்றில் இருந்தது. அதனைக் கொண்டு, மாணவராக இருந்தபோதே ‘முசலம்ம மரணம்’ என்னும் தெலுங்குக் காவியத்தை அவர் இயற்றினார். பிற்காலத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் அவரே. 1931 முதல் 1936 வரை அப்பதவியில் இருந்தவர் இராதாகிருஷ்ணன். அவருக்குப் பின் மீண்டும் ரெட்டி.

உறவினரின் அலமாரியை நம்பி ஒரு நாட்டின் கல்வி நடைபெற முடியாது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதனின் இடைவிடா முயற்சியால் 1948-இல் சென்னை மாநிலப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சித்தூர் அப்போது சென்னை மாநிலத்தின் பகுதி. 1953-இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960-இல் ஆந்திரப் பிரதேசம் தனக்கென ஒரு நூலகச் சட்டம் இயற்றிக்கொண்டது. வீட்டு வரியோடு நூலக வரியையும் வசூலித்து மாவட்ட நூலக அமைப்பிடம் ஒப்படைப்பது உள்ளாட்சி மன்றங்களின் கடமை. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினாலும் வரி கட்டுவோர் அவர்களே. படிக்கக் காத்திருக்கும் சிறுவரும் அவர்களின் பிள்ளைகளே.

வசூலான நூலக வரி உரிய காலத்தில் நூலகங்களைச் சென்றடையாமை பல ஊர்களின் நெடுநாள் குறை. அலுவலக ஏடுகளில் அது ‘நிலுவை’ என்ற ஒரு சொல்லாக நின்றுவிடுகிறது. கிளை நூலகத்தில் அதன் பொருள் வேறு: புதிய நூல்கள் வாங்கப்படாத ஆண்டு, பூட்டிய கதவு, பாடநூலைக் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பும் மாணவி. அவளுக்குத் தத்துவம் படித்த உறவினர் எவரும் இல்லை.